வடலி இல்லாத பனங்காடு

தென்னமெரிக்காவில் உருகுவே என்ற சிறிய நாடு இருக்கிறது. அதன் கிழக்கு மூலையில், ஒரு பக்கம் அட்லாண்டிக் கடலும் மறுபக்கம் பிரேசில் எல்லையுமாக அமைந்த வட்டாரம் ரோச்சா. அங்குள்ள காஸ்தில்யோஸ் நகரைச் சுற்றிய புல்வெளிகளில் பனைக் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கின்றன. சில இடங்களில் அடர்த்தியாகவும் சில இடங்களில் தள்ளித் தள்ளியும் நிற்கும் இந்தத் தோப்புகளின் மொத்தப் பரப்பு சுமார் 70,000 எக்டர். சிங்கப்பூர்த் தீவு முழுவதையும் பனைமரங்களால் நிரப்பினால் எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு.

இந்த மரங்களைப் பாதுகாக்க 1939ஆம் ஆண்டிலேயே அங்கு சட்டம் வந்துவிட்டது. 1987இல் இயற்றப்பட்ட வனச் சட்டமும் இயற்கையான பனந்தோப்புகளை அழிப்பதைத் தடை செய்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மரங்கள் பூக்கின்றன, குலை குலையாகக் காய்க்கின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது.

ஆனால், தாவரவியலாளர்கள் பல ஆண்டுகளாக இந்தத் தோப்புகளைப் பற்றிக் கவலைப்பட்டு வருகிறார்கள். காரணம் மரத்தின் உச்சியில் இல்லை, தரையில் இருக்கிறது. பெரிய மரங்களுக்கு நடுவே இளம் மரங்கள் கிட்டத்தட்ட இல்லை.

இளம் பனைக்குத் தமிழில் ‘வடலி’ என்று தனிப் பெயரே உண்டு. பனங்காடு என்றால் அதில் முதிர்ந்த பனையும் இருக்கும், வடலியும் இருக்கும். ரோச்சாவில் நிற்பது வடலி இல்லாத பனங்காடு. நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை 200 முதல் 300 வயது ஆனவை என்று மதிப்பிடுகிறார்கள். அவை ஒவ்வொன்றாக விழும்போது அந்த இடத்துக்கு வர அடுத்த மரம் தயாராக இல்லை.

சட்டமும் பழமும் விதையும் இருந்தும் ஒரு தோப்பு எப்படி வாரிசு இல்லாமல் போகும்? அதைப் புரிந்துகொள்ள, ஒரு விதை மரமாவதற்குள் எத்தனை கட்டங்களைத் தாண்ட வேண்டும் என்று பார்ப்போம்.

தென்னைக்கு உறவு

இந்த மரத்தின் பெயர் பூத்தியா. தாவரவியல் பெயர் பூத்தியா ஓடொராட்டா. பூத்தியா இனத்தில் ஏறத்தாழ 20 வகைகள் உள்ளன. எல்லாமே பிரேசில், பராகுவே, உருகுவே, அர்ஜென்டினா ஆகிய நாடுகளைத் தாயகமாகக் கொண்டவை. பனைக் குடும்பத்துக்குள் தென்னை, செம்பனை ஆகியவற்றோடு ஒரே பிரிவில் இதைச் சேர்க்கிறார்கள். ஆகவே, நமக்கு நன்கு தெரிந்த இரண்டு மரங்களுக்கு இது நெருங்கிய உறவு.

சாம்பல் கலந்த நீலப் பச்சை நிறத்தில், நீரூற்றுப் போல வெளிப்புறமாக வளைந்து தொங்கும் மட்டைகள்தான் இதன் அழகு. மரம் அதிக உயரம் வளர்வதில்லை. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே சுமார் 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்கினாலும் தாங்கும். பனைக் குடும்பத்தில் இப்படிக் குளிர் தாங்கும் மரங்கள் குறைவு. அதனால்தான் தென்னை வளராத குளிர் நாடுகளில்கூட இதை அலங்காரத்துக்காக விரும்பி நடுகிறார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்கள், மத்தியதரைக் கடலோர நாடுகள், ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகிய இடங்களின் பூங்காக்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் பூத்தியா நிற்கிறது.

நீண்ட காலமாக இந்த அலங்கார மரத்தைப் ‘பூத்தியா கபிடாட்டா’ என்று தவறான பெயரில் அழைத்து வந்தார்கள். உண்மையான கபிடாட்டா பிரேசிலின் நடுப்பகுதியில் உள்ள வறண்ட புதர்க்காடுகளில் வளரும் வேறொரு வகை. 2010-11 காலத்தில் தாவரவியலாளர்கள் இரண்டையும் பிரித்து, தெற்கே வளரும் மரத்துக்கு ஓடொராட்டா என்ற பெயரை நிலைப்படுத்தினார்கள். பழைய புத்தகங்களிலும் செடி விற்கும் கடைகளிலும் பழைய பெயரை இன்றும் காணலாம்.

பழம் மஞ்சள், ஆரஞ்சு அல்லது சிவப்பு கலந்த நிறத்தில் இருக்கும். பெரும்பாலும் ஒரு கோலிக்குண்டை விடச் சற்றே பெரியது. சுவையை அன்னாசியோடும் ஆப்ரிகாட்டோடும் ஒப்பிடுவார்கள். கடித்தால் புளிப்பும் இனிப்பும் சாறும், மாங்கொட்டையில் இருப்பதைப் போல நாரும் இருக்கும். வைட்டமின் சியும் கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு பொருள்களும் இதில் உள்ளன.

இதற்கு ‘ஜெல்லி பனை’ என்ற செல்லப் பெயரும் உண்டு. காரணம் பெக்டின் என்ற பொருள். பெக்டின் என்பது பழங்களின் செல் சுவர்களைப் பசை போல ஒட்டி வைத்திருக்கும் நீண்ட மூலக்கூறு. பழத்தைச் சர்க்கரையோடு கொதிக்க வைக்கும்போது பெக்டின் வெளியே வருகிறது. பழத்தின் புளிப்பும் சர்க்கரையும் சேர்ந்து அந்த மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணையச் செய்கின்றன. அவை வலை போலப் பின்னிக்கொண்டு நீரைத் தமக்குள் பிடித்து வைக்கின்றன. ஆறியதும் சாறு கெட்டியாகிவிடும். பூத்தியாவில் பெக்டின் தாராளமாக இருப்பதால் ஜெல்லியும் ஜாமும் செய்ய ஏற்றது.

ரோச்சாவில் வாழ்ந்த பழங்குடி மக்கள் எழுப்பிய பழைய மண்மேடுகளைத் தோண்டிய ஆய்வாளர்கள், கரிந்துபோன பூத்தியாக் கொட்டை ஓடுகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். இந்தப் பழத்துக்கும் மனிதருக்குமான உறவு ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை உடையது. இன்றும் பழக்காலத்தில் அங்குள்ள குடும்பங்கள் பழத்தையும் அதிலிருந்து செய்த ஜாம், இனிப்பு, மதுபான வகைகளையும் சாலையோரம் விற்று வருமானம் பார்க்கின்றன.

மூன்று கண் கொண்ட கொட்டை

பழச்சதையை நீக்கினால் உள்ளே கல் போன்ற கொட்டை இருக்கும். தேங்காயை உரித்தால் மூன்று கண்கள் தெரியுமே, அதே போல இந்தச் சின்னக் கொட்டையிலும் மூன்று துளைகள் உண்டு. தேங்காயில் ஒரு கண் மட்டும் மென்மையாக இருக்கும், முளை அதன் வழியே வெளிவரும். மற்ற இரண்டும் பெயருக்குத்தான். பூத்தியாக் கொட்டைக்குள் ஒன்று முதல் மூன்று பருப்புகள் வரை இருக்கலாம். ஆகவே ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று கன்றுகள் முளைப்பதும் உண்டு.

ஆனால் முளைப்பதற்குப் பொறுமை வேண்டும். மண்ணில் போட்டு நீர் ஊற்றினால் சில மாதங்களில் முளைக்கலாம், ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம். ஒரே குலையில் பறித்த கொட்டைகள்கூட ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. விதை உயிரோடு இருந்தும், நீர் கிடைத்தும் முளைக்காமல் காத்திருக்கும் இந்த நிலையை ‘விதை உறக்கம்’ என்கிறோம்.

விதை ஏன் உறங்குகிறது? துளைக்கு நேர் உள்ளே கரு இருக்கிறது. கருவுக்கும் வெளியுலகுக்கும் நடுவே சிறு மூடி போன்ற திசு ஒன்று உண்டு. அதைத் தள்ளித் திறக்கும் வலிமை கருவுக்கு வந்த பிறகே முளை வெளிவர முடியும். கல் போன்ற ஓடும் அதற்குத் தடையாக நிற்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் ஓட்டை உடைத்து நீக்கி, பருப்பை மட்டும் விதைத்துப் பார்த்தார். ஓட்டோடு விதைத்தவற்றை விட அவை நன்றாக முளைத்தன. 1998இல் வெளிவந்தது அந்த ஆய்வு. பின்னர் பிரேசில் ஆய்வாளர்கள் கருவை மூடிய அந்தச் சிறு திசுவை மட்டும் நுட்பமாக அகற்றிப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் உறங்கும் விதைகள் சில வாரங்களிலேயே முளைத்தன.

உறக்கத்தைக் கலைக்க இன்னொரு வழி வெப்பம். சுமார் 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்த பூத்தியா விதைகள் விரைவாக விழித்துக்கொள்கின்றன.

மலேசியாவில் வாழும் நமக்கு இது புதிய செய்தி அல்ல. செம்பனை விதையும் இப்படித்தான் உறங்கும். விதை உற்பத்தி நிலையங்களில் அதை 39, 40 டிகிரி வெப்பமுள்ள அறையில் 40 முதல் 60 நாள் வரை வைத்த பிறகே முளைக்க விடுகிறார்கள். நாட்டின் செம்பனைத் தோட்டங்கள் பலவும் இப்படிச் சூட்டில் எழுப்பப்பட்ட விதைகளிலிருந்து வந்தவையே. செம்பனையும் 19ஆம் நூற்றாண்டில் மலாயாவுக்கு அலங்கார மரமாகத்தான் வந்து சேர்ந்தது. வணிகத்துக்காக அதை முதன்முதலில் நட்டது 1917இல், சிலாங்கூரில்.

அகலம் முதலில், உயரம் பிறகு

விதை முளைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கட்டம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

மா, வேம்பு போன்ற மரங்களின் பட்டைக்கு அடியில் கேம்பியம் என்ற வளர்திசு வளையம் இருக்கிறது. ஆண்டுதோறும் அது புதிய மரத்திசுவை உருவாக்குவதால் அடிமரம் பருத்துக்கொண்டே போகும். மெல்லிய நாற்றாகத் தொடங்கும் மாமரம் மெதுவாகப் பெரிய மரமாவது இப்படித்தான்.

பனைக் குடும்பத்து மரங்களுக்கு அந்த வளையம் கிடையாது. அடிமரம் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டுமோ, அந்தத் தடிமனை மேலே எழும்பும் முன்பே கட்டி முடித்தாக வேண்டும். அதனால் கன்று முதல் சில ஆண்டுகள் உயரமே வளராது. மண்மட்டத்திலும் மண்ணுக்கடியிலும் அடித்தண்டு மெல்ல மெல்ல அகலமாகும். வெளியே சில இலைகள் மட்டும் தெரியும். அடுக்குமாடி வீடு கட்டும் இடத்தில், மாதக்கணக்கில் வேலை நடந்தும் வேலிக்கு மேலே ஒன்றும் தெரியாதல்லவா? அடித்தளம் முடிந்த பிறகுதான் மாடிகள் எழும்பும். பனைக் கன்றும் அப்படித்தான்.

இன்னொரு பலவீனமும் உண்டு. பூத்தியாவுக்கு ஒரே ஒரு குருத்து. புதிய இலைகள் அனைத்தும் அங்கிருந்தே வர வேண்டும். அந்தக் குருத்து செத்தால் மரமும் செத்துவிடும். வேறு கிளையிலிருந்து துளிர்க்க வழியில்லை.

“தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்” என்பது நம் பழமொழி. பூத்தியா இரண்டுக்கும் நடுவில். விதை போட்டவர் பழம் பார்க்கச் சாதாரணமாக எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும். அதன் பிறகு மரம் நூற்றாண்டுக் கணக்கில் காய்க்கும். அதன் நீண்ட வாழ்நாளில், கவனமாகக் காக்க வேண்டிய காலம் தொடக்கத்தில் வரும் அந்தச் சில ஆண்டுகள் மட்டுமே.

மாடுகள் வந்த பிறகு

ரோச்சாவின் கன்றுகளுக்கு அந்தச் சில ஆண்டுகள்தான் கிடைக்கவில்லை.

உருகுவேயில் முதலில் மாடுகளே இல்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானிய ஆளுநர் எர்னாண்டாரியாஸ் 1611இலும் 1617இலும் அங்கு மாடுகளைக் கொண்டுவந்து விட்டார். புல்வெளியும் நீரும் நிறைந்த அந்த நாட்டில் அவை வேகமாகப் பெருகின. இன்று மாட்டிறைச்சி உருகுவேயின் முதன்மை ஏற்றுமதிகளில் ஒன்று. பூத்தியாத் தோப்புகளில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலங்களுக்குள் இருக்கிறது.

உயர்ந்த மரத்தின் மட்டை மாட்டுக்கு எட்டாது. அதனால் பெரிய மரங்களுக்கு எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் தரையோடு தரையாக இருக்கும் கன்றின் இலை அதற்குப் புல்லைப் போன்றதுதான். குளிர்காலத்தில் புல் குறையும்போது, பச்சையாகத் தெரியும் பூத்தியா இலையை மாடுகள் தேடித் தின்கின்றன.

ஒரு முறை கடிபட்டால் கன்று செத்துவிடாது. குருத்து மண்ணுக்குள் பாதுகாப்பாக இருப்பதால் மீண்டும் இலை விடும். அதற்குத் தேவையான உணவை அடித்தண்டில் சேர்த்து வைத்திருக்கிறது. ஆனால் இலை வருவதும் மாடு கடிப்பதும் திரும்பத் திரும்ப நடந்தால் சேமிப்பு கரைந்துபோகும். ஒளிச்சேர்க்கை செய்ய இலை இல்லாமல், கடைசியில் கன்று மடிந்துவிடும். 20ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட காட்டுப்பன்றிகளும் மண்ணைக் கிளறிச் சேதம் செய்கின்றன. சில பகுதிகளில் தோப்புகளைச் சுற்றி நெல் வயல்கள் வந்துவிட்டதால் கன்று வளர இடமே இல்லாமல் போயிற்று.

புவியியல் பாடத்தில் மக்கள்தொகைப் பிரமிடு வரைந்திருப்பீர்கள். அடியில் குழந்தைகள், நடுவில் பெரியவர்கள், உச்சியில் முதியவர்கள். ரோச்சாத் தோப்புக்கு அப்படி ஒரு படம் வரைந்தால் உச்சி மட்டும்தான் இருக்கும். அடிப்பகுதி வெறுமையாகக் கிடக்கும். மரங்களின் எண்ணிக்கையை மட்டும் எண்ணுபவர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். வயதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்து தெரியும்.

பனைக் குடும்பத்து மரங்களில் ஆண்டு வளையங்கள் இல்லை. பின் வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஒவ்வொரு மட்டையும் விழுந்த இடத்தில் அடிமரத்தில் ஒரு தழும்பு இருக்கும். மரம் ஆண்டுக்கு எத்தனை இலை விடுகிறது, எவ்வளவு உயர்கிறது என்பதை அளந்து, தழும்புகளோடும் உயரத்தோடும் ஒப்பிட்டு மதிப்பிடுகிறார்கள். துல்லியமான எண்ணாக இல்லாவிட்டாலும் இந்த மரங்கள் மிக முதியவை என்பதைத் தெரிந்துகொள்ள அது போதும்.

மாடுகளை வெளியேற்றினால்?

இதற்கு விடை பக்கத்து நாட்டில் கிடைத்தது. அர்ஜென்டினாவின் என்ட்ரே ரியோஸ் மாநிலத்தில் பூத்தியா இனத்தின் மற்றொரு வகையான யாத்தாய் பனை வளர்கிறது. அங்கும் தோப்பு மேய்ச்சல் நிலமாகத்தான் இருந்தது, அங்கும் முதிய மரங்களே மிஞ்சியிருந்தன. 1966இல் சுமார் 8,500 எக்டர் நிலத்தில் ‘எல் பால்மார்’ தேசியப் பூங்காவை உருவாக்கி, மாடுகளை வெளியேற்றினார்கள்.

இளம் பனைகள் மளமளவென்று கிளம்பின. விதைகள் அதுவரையும் முளைத்துக்கொண்டுதான் இருந்தன. கடிக்க வாய் இல்லாததும் கன்றுகள் தலை தூக்கின. தோப்பு அழிவதற்குக் காரணம் மரத்தின் முதுமையோ விதையின் குறையோ அல்ல என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மாடுகள் போனதும் பனைக் கன்றுகள் மட்டும் வளரவில்லை. புல் உயர்ந்தது, புதர்கள் பெருகின, காய்ந்த செடிகொடிகள் சேர்ந்து தீக்கு இரையாயின. ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட மலைவேம்பு போன்ற வெளிநாட்டு மரங்கள் உள்ளே புகுந்தன. இந்தியா, இலங்கைக் காடுகளைச் சேர்ந்த புள்ளிமானும் அங்கே வந்து பெருகித் தொல்லையாகிவிட்டது. இப்போது பூங்கா நிர்வாகம் புள்ளிமானையும் காட்டுப்பன்றியையும் கட்டுப்படுத்தத் தனித் திட்டம் நடத்துகிறது. திட்டமிட்டு, கட்டுப்பாட்டோடு தீ வைத்துப் புதர்களையும் குறைக்கிறது.

தீ வைத்தால் பனை எரிந்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். மாமரத்தின் உயிர்த்திசு பட்டைக்கு உடனடியாக அடியில் இருப்பதால் தீ அதை எளிதில் கொன்றுவிடும். பனையிலோ நீரையும் உணவையும் கடத்தும் குழாய்க் கற்றைகள் அடிமரம் முழுவதும் பரவி இருக்கின்றன. வெளிப்புறம் கருகினாலும் உள்ளே ஓட்டம் நிற்பதில்லை. குருத்தும் மட்டைகளின் அடிப்பகுதிகளால் சூழப்பட்டிருக்கும். ஆகவே கரி படிந்த பனை, சில மாதங்களில் பச்சை இலையோடு நிற்கும்.

சில குளிர்காலங்கள் போதும்

ரோச்சா விவசாயிகளிடம் போய், மாடு வளர்ப்பதை நிறுத்துங்கள் என்று சொல்ல முடியாது. அதுதான் அவர்களின் வாழ்வாதாரம். மாடு மேயாமல் விட்டால் புதர் மண்டும் என்பதையும் எல் பால்மார் காட்டிவிட்டது. ஆகவே உருகுவே, பிரேசில் ஆய்வாளர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். கன்றுக்கு உண்மையிலேயே எப்போது பாதுகாப்பு வேண்டும்?

கன்றுகள் அதிகம் கடிபடுவது குளிர்காலத்தில். அப்படியானால் குளிர்காலத்தில் மட்டும் மாடுகளை அந்த நிலத்திலிருந்து அகற்றி, மற்ற மாதங்களில் வழக்கம்போல் மேயவிட்டால் என்ன? பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டே டோ சூலில், தாபெஸ் என்ற ஊர் அருகே உள்ள பண்ணை நிலத்தில் இந்த முறையைக் கடைப்பிடித்தார்கள். பூத்தியாக் கன்றுகள் பிழைத்து வளரத் தொடங்கின. கோடையில் மேயும் மாடுகள் புதரைக் கட்டுக்குள் வைத்தன. சில ஆண்டுகள் இப்படிக் காத்தால் கன்று மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்கு வந்துவிடும். பிறகு வேலி வேறு இடத்துக்கு நகரலாம்.

ஒரு தோப்பு குறையாமல் இருக்க எத்தனை கன்றுகள் பிழைக்க வேண்டும் தெரியுமா? ஒரு மரம் தன் 200 ஆண்டு வாழ்நாளில், தன் இடத்தை நிரப்ப ஒரே ஒரு வாரிசை வளர்த்தால் போதும். ஒவ்வோர் ஆண்டும் எல்லா இடத்திலும் காவல் வேண்டியதில்லை. நூறாண்டில் ஒரு முறை ஒவ்வொரு நிலத்துக்கும் சில ஆண்டுகள் ஓய்வு கிடைத்தால்கூடத் தோப்பு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் அந்த ஓய்வை, நிற்கும் மரங்கள் காய்த்துக்கொண்டிருக்கும்போதே தர வேண்டும். கடைசி முதிய மரம் விழுந்த பிறகு வேலி போட்டுப் பயனில்லை.

பிரேசில், உருகுவே, அர்ஜென்டினா மூன்று நாடுகளின் தோப்புகளையும் அவற்றைச் சார்ந்து வாழும் மக்களையும் இணைக்கும் ‘பூத்தியா வழித்தடம்’ என்ற கூட்டு முயற்சியும் நடந்து வருகிறது. பழத்துக்கு நல்ல விலை கிடைத்தால், நில உரிமையாளருக்கும் கன்றைக் காக்க ஒரு காரணம் கிடைக்கும்.

நம் வட்டாரத்துப் பனைகள்

பூத்தியாவை இங்கே வளர்க்கலாமா என்று நினைக்கிறீர்களா? குளிர்காலமும் கோடையும் மாறி மாறி வரும், மழைநீர் தேங்காத மணற்பாங்கான நிலம்தான் அதற்கு உகந்தது. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக இருக்கும் நம் வட்டாரம் அதன் இயல்பான இடம் அல்ல. ஆனால் அதைப் புரிந்துகொள்ள உதவும் உறவுகள் நம்மிடம் நிறைய உண்டு.

ஐஸ் கச்சாங்கில் கண்ணாடி போல வழுக்கும் அத்தாப் சீ, நிப்பா பனையின் இளம் விதை. சதுப்பு நிலத்தில் வாழும் நிப்பாவின் விதை, தாய் மரத்தின் குலையில் இருக்கும்போதே முளைக்கத் தொடங்கிவிடும். அலையோடு மிதந்து போய்ச் சேற்றில் பட்டதும் வேர் பிடிக்க அது உதவுகிறது. மழைக்காட்டில் வளரும் சலாக் பனையின் விதை சில வாரங்களில் முளைக்கும், உலர்ந்தால் செத்துவிடும். குளிரும் வறட்சியும் வந்துபோகும் புல்வெளியில் வாழும் பூத்தியாவோ கல் ஓட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும். சில விதைகள் இந்த ஆண்டு, சில அடுத்த ஆண்டு என்று முளைத்தால், ஓர் ஆண்டு மோசமாக அமைந்தாலும் எல்லாம் அழியாது. மூன்று விதைகளும் தத்தம் ஊரின் பருவநிலைக்கு ஏற்பக் கணக்குப் போட்டு வைத்திருக்கின்றன.

இதை நீங்களே சோதிக்கலாம். சந்தையில் சலாக் பழம் வாங்குங்கள். சதையைத் தின்றுவிட்டு 12 விதைகளைக் கழுவி எடுங்கள். ஆறு விதைகளை உடனே ஈரமண்ணில் அரை விரல் ஆழத்தில் ஊன்றி, நிழலில் வையுங்கள். மற்ற ஆறை மின்விசிறிக் காற்றுப் படும் இடத்தில் மூன்று வாரம் உலரவிட்டு, அதே மண்ணில், அதே ஆழத்தில் ஊன்றுங்கள். ஒவ்வொன்றும் எத்தனையாவது நாள் முளைத்தது, எத்தனை முளைக்கவில்லை என்று அட்டவணை போடுங்கள். உலர்வதைத் தவிர மற்ற எல்லா நிலைமைகளும் இரண்டு குழுவுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். முளைத்த கன்றைத் தூக்கி எறியாமல் தொட்டியில் வைத்துப் பார்த்தால், தண்டு மேலே எழும்பாமல் இலைகள் மட்டும் வருவதையும் காணலாம்.

ஓர் எச்சரிக்கை. சாலையோரத்திலும் குடியிருப்புப் பகுதியிலும் அலங்காரத்துக்காக வைத்திருக்கும் எல்லாப் பனைகளின் பழமும் உண்ணத்தக்கதல்ல. மீன்வால் போன்ற இலை கொண்ட கூந்தற்பனையின் பழத்தில் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி வடிவப் படிகங்கள் உள்ளன. தொட்டாலே அரிக்கும், வாயில் வைத்தால் கடுமையாக எரியும். இன்ன மரம் என்று உறுதியாகத் தெரியாத எந்தப் பழத்தையும் சுவைத்துப் பார்க்காதீர்கள்.

அடுத்த முறை ஒரு பூங்காவுக்கோ காட்டுக்கோ போகும்போது பெரிய மரங்களை ரசித்த பிறகு ஒரு நிமிடம் தரையையும் பாருங்கள். அதே இனத்தின் முழங்கால் உயரக் கன்றுகள், இடுப்பளவு கன்றுகள், தலைக்கு மேல் வளர்ந்த இளமரங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அந்தக் காட்டுக்கு எதிர்காலம் உண்டா என்பதை அந்த எண்ணிக்கை சொல்லிவிடும்.